ஐம்பத்தாறு டிகிரி

"ரஞ்சனி எத்தனை வயல் எடுக்கட்டும்?" என்று அபினவ் குளிர்பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு கேட்டான். பக்கத்தில் கண்ணாடிக் குழாய்களைத் துடைத்துக்கொண்டிருந்த அமலாவுக்கு வயிறு எரிந்தது.

அவன் கேட்டது வயல் என்கிற சின்னக் குப்பிகளில் உறையவைத்திருந்த சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் தெளிகிற மஞ்சள் நீரை. புனே பக்கத்தில் தளேகாவ் தொழிற்பேட்டையில் இருக்கும் அந்தச் சோதனைக்கூடத்தில் தடுப்பூசி போட்ட குழந்தைகளின் ரத்தத்தைச் சோதிக்கிறார்கள். சோதனைக்குக் கூடத்து ஆள் ஒருவரின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரமும் வேண்டும். கொடுத்த ஆளின் பெயரையே அதற்கு வைத்துவிடுவது அங்கே பழக்கம். லேபிளில் டி-4, டி-9 என்று எண் மட்டும் இருக்கும். வாயில் வருவது பெயர். ஏழு வருஷமாக அந்தப் பெயர் அமலா. "அமலாவ ஐஸ்ல வை." "அமலா தீரப் போவுது, சாருக்குச் சொல்லு." "இந்த வாட்டி அமலா சூப்பர்." மூன்று மாதமாக எல்லாம் ரஞ்சனி.

அமலா அந்தக் கூடத்துக்குக் குழாய் கழுவ வந்தவள். அது ஆச்சு பதினாறு வருஷம். அப்பா தர்மபுரியிலிருந்து மோஷி கல் குவாரிக்கு வந்து, கல்தூசி நெஞ்சை அடைத்துச் செத்தார். அம்மா ஜல்லி சுமந்தாள். பத்து வயதில் அமலாவும் சுமந்தாள். பன்னிரண்டாவது பாஸ் பண்ணின தைரியத்தில் இங்கே வேலை கேட்டு வந்தாள். கழுவும் தொட்டியிலிருந்து சோதனை மேஜைப் பக்கம் நகர்ந்து வர அவளுக்கு ஒன்பது வருஷம் பிடித்தது. நகர்த்தியது அவள் ரத்தம்தான்.

கூடத்தின் தலைவர் ராமநாதன் ஒருநாள் எல்லார் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார். இருபத்திரண்டு பேரில் அவளுடையது மட்டும் தேறியது. "என் ரத்தத்துல அப்படி என்ன சார் இருக்கு?" என்று கேட்டாள். அவர் உட்கார வைத்துச் சொன்னார். காம்ப்ளிமென்ட் என்று ஒரு புரதக் கூட்டம் ரத்தத்தில் இருக்கிறது, முப்பதுக்கு மேல். சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். நோய்க்கிருமியின் மேல் எதிர்ப்பொருள் போய் ஒட்டினால், கூட்டத்தில் ஒன்று விழிக்கும். அது அடுத்ததை எழுப்பும், அது அதற்கடுத்ததை. கடைசியில் வருகிறவை வட்டமாகச் சேர்ந்து கிருமியின் சுவரில் ஓட்டை போடும். கிருமி உடைந்து சாகும்.

அமலாவுக்கு அது சட்டென்று புரிந்தது. குவாரியிலும் அப்படித்தான். மேஸ்திரி பாறை மேல் சுண்ணாம்பால் குறி போடுவான். குறி விழுகிற வரைக்கும் உளிக்காரர்கள் பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். குறி விழுந்ததும் ஒருத்தன் எழுந்தால் பின்னாலேயே எல்லாரும் எழுவார்கள், துளை போடுவார்கள், பாறை பிளக்கும்.

"தடுப்பூசி குழந்தைக்கு மேஸ்திரியக் குடுக்குது. மேஸ்திரி சரியா குறி போடறானான்னு பாக்க உங்களுக்கு வெளியிலேர்ந்து உளிக்காரனுங்க வேணும். அதான சார்?"

"அதேதான் அமலா. ஆனா அந்தக் கூட்டத்துல மேஸ்திரி ஒருத்தரும் இருக்கக் கூடாது. உங்க ரத்தத்துல இந்தக் கிருமிக்கு மேஸ்திரி இல்ல. அதான் விசேஷம்."

அன்று முதல் இரண்டு மாதத்துக்கு ஒரு வியாழக்கிழமை ஜன்னல் ஓர நாற்காலி அவளுடையது. ராமநாதன் தன் கையால் இளநீர் கொண்டுவந்து கொடுப்பார். வெளிநாட்டிலிருந்து தணிக்கைக்கு வந்த வெள்ளைக்காரி டி-4 யார் என்று கேட்டு, அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனாள். தேஹு ரோடு ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது அமலாவுக்கு முதுகு தானாக நிமிரும்.

பிப்ரவரியில் எல்லாம் கவிழ்ந்தது. அவள் சீரமும் கிருமியும் மட்டும் போட்ட சோதனைத் தட்டுக் குழியில் கிருமி செழித்து வளர வேண்டும். வளரவில்லை, அத்தனையும் செத்துக் கிடந்தது. இரண்டாம் முறையும் அதே கதி.

"உங்க உடம்பு அந்தக் கிருமிய எங்கயோ பாத்துடுத்து," என்றார் ராமநாதன். "எதிர்ப்பொருள் வந்தாச்சு. உங்களுக்கு நல்லதுதான் போங்கோ."

"அக்கா கா ப்ளட் ஓவர்ஸ்மார்ட் ஹோ கயா," அக்கா ரத்தம் அளவுக்கு மீறிக் கெட்டிக்காரத்தனம் கற்றுக்கொண்டது என்று அபினவ் சிரித்தான். புனேயிலேயே பிறந்து வளர்ந்த பையன், அவனுக்குத் தமிழ் பாதியில் நின்றுவிடும்.

மறுபடி எல்லார் ரத்தத்தையும் பார்த்தார்கள். இந்த முறை தேறியது ஸ்ரீரஞ்சனி. கோயம்புத்தூர்க்காரி, இருபத்தெட்டு வயது, டாக்டர் பட்டம். வாகட் பகுதியில் பதினோராவது மாடியில் வீடு, அங்கிருந்து காரில் வருகிறாள். வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அவள் சீரம் அமலாவுடையதைவிட ஒன்றரை மடங்கு வீரியம் என்று ராமநாதன் கூட்டம் போட்டுச் சொன்னார். படிப்பு இருக்கிறது, கார் இருக்கிறது, தொண்டையில் சிக்காத இங்கிலீஷ் இருக்கிறது. இத்தனையும் இருக்கிறவளுக்கே ரத்தமும் வாய்க்க வேண்டுமா என்று அமலா ரயிலில் நின்றுகொண்டு யோசித்தாள். தனக்கு இருந்தது அந்த ஒன்று. கடவுள் அதையும் எடுத்துக் கொழுத்தவள் இலையில் பரிமாறினான்.

முதல் தடவை ரத்தம் எடுத்தபோது ரஞ்சனிக்கு நரம்பு அகப்படவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அமலாக்கா, என் கையப் பிடிச்சுக்கோங்க, எனக்கு ஊசின்னா ஆகாது," என்றாள். அமலா பிடித்துக்கொண்டாள். ராமநாதன் இளநீரோடு வந்தார். அது அமலாவைத் தாண்டிப் போனது.

இன்றைக்கு நாற்பது குழந்தைகளின் சீரம். அதைத் தயார் செய்வது அமலாவின் வேலை. குழந்தைகளின் சீரத்தில் அவர்களுடைய உளிக்காரர்களும் இருப்பார்கள். அவர்களை ஒழித்துவிட்டு மேஸ்திரியை மட்டும் விட்டுவைத்தால்தான் கணக்கு சரியாக வரும். அதற்கு ஒரு வெந்நீர்த் தொட்டி. ஐம்பத்தாறு டிகிரி, அரை மணி நேரம். மேஸ்திரி தாங்குவான், உளிக்காரர்கள் செத்துப்போவார்கள். அதனால் சிவப்பு மூடி தொட்டிக்கு, நீல மூடி ஐஸுக்கு. நீல மூடியில் இருப்பது கொடையாளியின் சீரம். தொட்டிக்குப் பக்கத்தில்கூட அதை வைக்கக் கூடாது.

அபினவ் நீல மூடி வயல் ஆறை உருகவைத்து ஐஸ் வாளியில் நட்டுவிட்டுச் சாயா குடிக்கப் போனான். ரஞ்சனி உள் அறையில் கிருமியை எடுத்துக்கொண்டிருந்தாள். அமலா சிவப்பு மூடிகளைத் தொட்டியில் இறக்கினாள். பிறகு ஐஸ் வாளியைப் பார்த்தாள். மஞ்சளாக, தெளிவாக, ஆறு ரஞ்சனி.

ஆறையும் எடுத்துத் தொட்டியின் மூலையில் செருகினாள். குளிர்பெட்டியின் கீழ் அடுக்கில் தன்னுடைய பழைய வயல் பதினொன்று இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எடுத்தது, ரத்தம் கெட்டிக்காரத்தனம் கற்பதற்கு முன்னால். இன்றைய சோதனைத் தட்டு சொதப்பட்டும். ரஞ்சனி சரியில்லை என்று ஒரு தடவை எழுதட்டும். ராமநாதன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "அமலா இருக்கோன்னோ, அத எடுங்கோ," என்று சொல்லட்டும். அதைக் காதால் கேட்டால் போதும்.

அரை மணி முடிந்து தொட்டியின் மணி அடித்தது; இருவரும் இன்னும் வரவில்லை. ஆறு வயலையும் துடைத்து ஐஸில் திரும்ப நட்டாள். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. அதே மஞ்சள், அதே தெளிவு.

ரஞ்சனி மேஜையில் உட்கார்ந்து தட்டின் குழிகளில் குழந்தைகளின் சீரத்தை விட ஆரம்பித்தாள். அபினவ் எண்ணைப் படித்தான். எம்-41, எம்-42, எம்-45. அமலா காலிக் குழாய்களை வாங்கிக்கொண்டிருந்தாள்.

"எம்-58," என்றான் அபினவ். "இதுல ஜாஸ்தி இல்ல, ரஞ்சனி. அம்பது மைக்ரோலிட்டர்தான். ஒன் டைம் வரும். ரிப்பீட் சான்ஸ் நஹி."

"சரி, சிந்தாம விடறேன்."

எம்-58 அமலாவுக்குத் தெரியும். ரத்தம் எடுக்கும் முகாமுக்கு அவளையும் கூட்டிப்போயிருந்தார்கள், பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ள. கட்டட வேலை செய்கிற பெண் ஒருத்தி, முழங்கை வரை சிமெண்ட் காய்ந்த கையோடு, ஒன்பது மாதக் குழந்தையைத் தூக்கி வந்தாள். தன் கை அழுக்கு என்று குழந்தையை அமலாவின் மடியில் போட்டாள். இரண்டு தடவை குத்தியும் ரத்தம் வரவில்லை. மூன்றாவதில் கால்வாசிக் குழாய் வந்தது. குழந்தை அமலாவின் சேலை நனைய ஒன்றுக்குப் போய், கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிற்று. "போதுமா தாயி?" என்று அந்தப் பெண் மராத்தியில் கேட்டபோது, போதும் போதும், ஒரு துளிகூட வீணாகாது என்று அமலாதான் வாக்குக் கொடுத்தாள்.

காலையில் சிவப்பு மூடிகளை எண் பார்த்து அடுக்கியதும் அவள்தான். எம்-58 கையில் ஏறி இறங்கியிருக்கிறது. கண் நீல மூடியிலேயே இருந்ததால் மனதில் ஏறவில்லை.

குழந்தைகளின் சீரம் முடிந்தது. ரஞ்சனி ஐஸ் வாளியை இழுத்து முதல் நீல மூடியைத் திருகினாள்.

"அதப் போடாதீங்க," என்றாள் அமலா.

"ஏன்க்கா?"

"செத்துருச்சு."

"எது?"

"ரஞ்சனி."

அபினவ் சிரித்தான். அமலாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"அம்பத்தாறு டிகிரில அரை மணி நேரம் இருந்துச்சு. ஆறும்."

ரஞ்சனி மூடியைத் திரும்பத் திருகினாள். அவள் கத்தவில்லை. தட்டை மூடி ஐஸ் மேல் வைத்தாள். "கிருமி இன்னும் போடல. அரை மணி தாங்கும். அபினவ், புதுசா ஆறு எடுத்து உருக வை. ஓடு." அவன் ஓடினான். அவள் இழுப்பறையிலிருந்து தவறுக்கான படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தாள்.

"பயப்படாதீங்கக்கா," என்றாள். குரல் மெத்தென்று இருந்தது. "ட்ரே மாறிப்போச்சு, அவ்வளவுதானே? கவனக்குறைவுன்னு போட்டுடறேன். ஒரு நாள் பயிற்சின்னு உக்கார வைப்பாங்க. நான் சார்கிட்டச் சொல்லிக்கறேன். பதினாறு வருஷத்துல ஒருதரம் மாறினா என்ன இப்போ?"

அமலா அந்தப் பேனாவைப் பார்த்தாள். ஆம் என்று தலையாட்டினால் போதும், வேலை போகாது. ஆனால் நாளைக்கே கூடம் முழுக்கப் பேசும். அமலாவுக்கு வயதாகிவிட்டது, மூடி நிறம் தெரியவில்லை, பாவம், ரஞ்சனிதான் காப்பாற்றினாள். ரத்தத்தைப் பறித்தவள் இப்போது மன்னிப்பையும் போட்டுவிட்டுப் போவாள். அதை வாங்கிக்கொள்ள அவளால் முடியவில்லை.

"மாறல," என்றாள். "பதினாறு வருஷத்துல நான் ஒரு மூடிய மாத்தி வச்சதில்ல. தெரிஞ்சேதான் வச்சேன். அப்படியே எழுது."

'நீங்க' போய் 'நீ' வந்ததை ரஞ்சனி கவனித்தாள்.

"ஏன்?"

"உன் பேரச் சொல்லிக் கூப்பிடறானுங்களே, அது எனக்குப் புடிக்கல."

ரஞ்சனி பேனாவை மூடினாள். பிறகு, "எனக்கு மட்டும் பிடிச்சிருக்குன்னு நினைச்சீங்களா?" என்றாள். மெத்தென்றது போய்விட்டது. "நான் எழுதிக் குடுத்த ரெண்டு ரிப்போர்ட் சார் மேஜைல மூணு மாசமாக் கிடக்கு. பிரிச்சுக்கூடப் பாக்கல. ஆனா காலைல வந்ததும் ரஞ்சனி எப்படி இருக்குன்னு கேக்கறார். ஊசில ரத்தம் குடுக்கறதுக்கா நான் அத்தன வருஷம் படிச்சேன்? வேணும்னா நீங்களே வச்சுக்கோங்க அந்தப் பேர."

கையில் வைத்துக்கொண்டு வேண்டாம் என்கிறாள். அமலாவுக்கு முன்பு எரிந்ததெல்லாம் சும்மா என்று தோன்றும் அளவுக்கு இப்போது எரிந்தது.

ரஞ்சனி எழுதி முடித்தபோது ராமநாதன் வந்துவிட்டார். படிவத்தைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி படித்தார். "தெரியாம நடந்ததுன்னு ஒரு வார்த்தை போட்டா முடிஞ்சுபோற விஷயம், அமலா."

"தெரிஞ்சுதான் சார் நடந்துச்சு."

"அப்போ விசாரணை முடியறவரைக்கும் நீங்க உள்ள வர முடியாது. புரியறதோ? அப்புறம் என்ன ஆகும்னு என்னால சொல்ல முடியாது."

"புரியுது சார்."

கையெழுத்துப் போட்டாள். அபினவ் புதிய வயல்களோடு வந்தான். பழக்கதோஷத்தில் அமலாவின் கை ஐஸ் வாளியைப் பிடித்து நகர்த்தப் போனது.

"தொடாதீங்கக்கா," என்றாள் ரஞ்சனி, திரும்பிப் பார்க்காமல்.

மறுநாள் மத்தியானம் தேஹு ரோடு வீட்டு மொட்டை மாடியில் அமலா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அபினவ் போன் செய்தான். யாருக்கும் சொல்லக் கூடாது என்று முதலில் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

"அக்கா, தட்டு படிச்சாச்சு. எல்லாம் பர்ஃபெக்ட். முகாம்ல உங்க மடில அழுதுதே, அந்த எம்-58 பாஸ். தடுப்பூசி நல்லாப் பிடிச்சிருக்கு, கிருமி ஒண்ணுகூட மிச்சம் இல்ல." பிறகு வாய் தவறி, எப்போதும் சொல்கிற மாதிரி சொன்னான். "ரஞ்சனி ஏக்தம் சூப்பர் வேலை செஞ்சுது."

அமலாவுக்கு முதலில் வயிறு எரிந்தது. குழந்தையின் ஞாபகம் அதற்கப்புறம்தான் வந்தது.