முப்பத்தேழாம் நம்பர் பெட்டி

பெங்களூர் விமான நிலையத்தில் இறங்கி, காபியை வாயில் வைத்த பிறகுதான் ரெனிட்டா கேட்டது ஞாபகம் வந்தது. நாக்கு சுட்டது. நன்றாகச் சுடட்டும் என்று இருந்தது.

கம்பெனி செலவில் பத்து நாள் ஜெர்மனியில் பயிற்சி. எனக்கு ஷூ வாங்கினேன், ஜெர்க்கின் வாங்கினேன். ஓசூரில் ஒரு பேக்கிங் கம்பெனியில் ஒப்பந்த வேலை பார்க்கும் என் மனைவி ரெனிட்டா கேட்டது ஒன்றே ஒன்று. அவள் பேக்கிங் லைனில் யார் வீட்டு ஆள் வெளியூர் போய்வந்தாலும், டீ பிரேக்கில் அந்த ஊர்த் தின்பண்டத்தை எல்லோருக்கும் கொடுத்தாக வேண்டும். ஆறு வருஷமாக அடுத்தவர்கள் கொடுத்த லட்டையும் முறுக்கையும் தின்றவள். "இந்த வாட்டி என் முறைங்க ஆஸ்டின், மறந்துடாதீங்க" என்று வாசல் வரை வந்து சொன்னாள். சுத்தமாக மறந்தேன்.

ஓசூர் பஸ்ஸுக்கு இருபது நிமிடம் இருந்தது. மீதிக் காபியைக் குப்பையில் போட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்கு ஓடினேன். மைசூர்பாகைக் காட்டி ஜெர்மனி என்றால் யார் நம்புவார்கள்? வாயில் நுழையாத பெயர் போட்ட தங்க நிறப் பெட்டி ஒன்று கண்ணில் பட்டது. காபி கலந்த சாக்லேட். பெரிய பெட்டியாக வாங்கி, விலைச்சீட்டை பஸ்ஸிலேயே நகத்தால் சுரண்டினேன். திருட்டு வேலை என்றால் எனக்கு எவ்வளவு கவனம்!

"அங்க ஒரு பழைய கடையில வாங்கினேன்" என்று வீட்டுக்குள் நுழைந்ததும் நீட்டினேன். ரெனிட்டா பெட்டியைத் திறந்தாள். உள்ளே கிடந்த சின்னச் சீட்டைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டாள். "நல்லா இருக்குதுங்க" என்றாள். அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் வேலை முடிந்து வந்தவளிடம், "என்ன சொன்னாங்க எல்லாரும்?" என்று வேறு கேட்டேன்.

சீட்டை என் முன்னால் வைத்தாள். 'பேக் செய்தவர் எண்: 37.'

"என் நம்பருங்க. நான் அடுக்கின பெட்டி."

எந்தப் பெயர் போட்ட பெட்டியை அடுக்குகிறாள் என்று ஆறு வருஷத்தில் ஒருநாளும் நான் கேட்டதில்லை. கூனிக்குறுகிப் போனேன்.

"எல்லார் முன்னாடியும் உன்ன அசிங்கப்படுத்திட்டேனா?"

"இல்லைங்க. பெட்டியப் பாத்தாத் தெரிஞ்சிடும்னு, தாள உரிச்சு, ஒடச்சு, டிபன் டப்பாவுல போட்டுக் கொண்டுபோனேன். எங்க லைனுக்குச் சாக்லேட் தாள் சுத்தித்தான் வரும். உள்ள இருக்கறத யாரும் பாத்ததில்ல. பிரிச்சுத் தின்னா வேலை போயிடும்ல?"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ராஜாத்தியக்கா ரெண்டாவது துண்டு கேட்டு வாங்கினாங்க. 'நாம அடுக்கறதெல்லாம் இப்படி இருக்குமாடி? ஜெர்மனி ஜெர்மனிதான்'னாங்க."

"நீ தின்னியா?"

"நானும் இன்னிக்குத்தாங்க மொதமொதல்ல தின்னேன்."

டப்பாவைத் திறந்தாள். எனக்கென்று ஒரு துண்டு மிச்சம் வைத்திருந்தாள்.