பந்தலுக்குள் தேனீ

எனக்குத் தேனீ என்றால் பயம். கொட்டும் என்பதற்காக அல்ல, கொட்டினால் சுண்ணாம்பு தடவிக்கொண்டு போகலாம். எங்கள் பாகல் பந்தலில் அது ஒரு பூவில் உட்கார்ந்தால், என் புருஷன் கன்னையா மறுபடி பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போக வேண்டியிருக்கும்.

போன வருஷம் அங்கே சாரம் சரிந்து, அவருக்குப் பக்கத்தில் நின்றவர் செத்துப்போனார். அப்போதெல்லாம் ஊரே பெங்களூருக்கு பஸ் ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் பலமனேருக்குப் புதிதாக வந்த விதைக் கம்பெனி ஒன்று, நாங்கள் குத்தகைக்கு எடுத்த அரை ஏக்கரில் வீரிய விதைப் பாகல் போடச் சொன்னது. விதை தேறினால் அடுத்த போகமும் எங்களுக்கே. அவர் ஊரோடு இருந்துவிடலாம்.

வேலை என்னவோ பூச்சி செய்கிற வேலைதான். சாயங்காலம் பெண் மொட்டுக்குக் காகிதக் குல்லாய் மாட்ட வேண்டும். விடிந்ததும் வேறு ரகத்து ஆண் பூவைக் கொண்டுவந்து அதில் தொட்டு, மறுபடி மூடி, காம்பில் சிவப்பு நூல் கட்ட வேண்டும். தேனீ முந்திக்கொண்டால் விதை கலப்படம்.

கம்பெனி சூப்பர்வைசர் கிஷோர் முதல் நாளே மிரட்டிவிட்டுப் போனார். "ஒரு பூச்சி பூந்தாலும் மொத்த லாட்டும் ரிஜெக்ட். டவுட்டுனா பிச்சிப் போட்டுடும்மா."

ஒருநாள் காலை இரண்டு குல்லாய்கள் காற்றில் விழுந்து கிடந்தன. ஒரு பூவுக்குள் தேனீ. இரண்டு பூவையும் பிய்த்தேன். அத்தோடு விட்டிருக்கலாம். பக்கத்துப் பிஞ்சின் குல்லாய் சரியாக இருந்ததா? அதற்கு அடுத்தது? நானே நூல் கட்டிய பிஞ்சுகளையும் கிள்ளினேன். தினமும் கிள்ளினேன். யாருக்கும் தெரியாமல் கிணற்றுமேட்டுக் குழியில் போட்டேன்.

ஒருநாள் அவர் குழியைப் பார்த்துவிட்டார். "இன்னாடி இது, பூச்சி துன்னுட்சா?"

"ஆமா" என்றேன். எப்படி அப்படி வாயில் வந்ததோ!

மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் மருந்தடித்தார். ராத்திரி எல்லாம் இருமினார். பந்தலுக்கு அடியில் தேனீக்கள் செத்துக் கிடந்தன. அதன்பிறகு ஒன்றுகூட வரவில்லை. பயம் மட்டும் போகவில்லை, கையும் நிற்கவில்லை.

கிஷோர் வந்து காய் எண்ணினார். பேசியதில் பாதிகூட இல்லை.

"பூச்சிதான் சார். மருந்து அட்ச்சிக்கினேதான் இருந்தேன்" என்றார் இவர்.

கிஷோர் குழியிலிருந்து வாடிய பிஞ்சு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "நூல் கட்டின காய். ஒரு ஓட்டை இல்ல. காம்பு கிள்ளிக்கீது. பூச்சிக்கு நகமா கீது, கன்னையா?"

என் புருஷன் என் விரல்களைப் பார்த்தார். நான் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். திட்டுவார், அடிப்பார் என்று நின்றேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தாட்சாயணி," என்றார் மெதுவாக. "பெங்களூருக்குக் காலைல மொத பஸ்ஸு எத்தினி மணிக்கு?"