கங்காணி இல்லாத மலை

1

இந்தக் கதைக்கு நான் தகப்பன் அல்லன், வழியில் கண்டெடுத்தவன். பொகவந்தலாவையிலிருந்து அட்டனுக்குப் போகும் பேருந்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், எனக்கு முன்னிருக்கையில் அது அகப்பட்டது.

இளம்பெண் ஒருத்தியும் இளைஞன் ஒருவனும் நிலத்தைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருந்தனர். ஆற்றங்கரை மேட்டை முதலில் எடுத்துக்கொள்ளப் போவதாக அவள் சொன்னாள். மேட்டோடு நின்றுவிடாதே, அப்பாலுள்ள வெற்று நிலத்தையும் பிடி, இல்லாவிட்டால் அட்டன்காரன் பிடித்துவிடுவான் என்று அவன் மன்றாடினான். நம் பிள்ளைகள் காணி வாங்கும் காலம் வந்துவிட்டதே என்று என் நெஞ்சு நிமிர்ந்தது. காணி உறுதிப் பத்திரத்தைச் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டாமல் கையொப்பம் வைக்க வேண்டாம் என்று, எவரும் கேளாமலே குனிந்து அறிவுரை வழங்கினேன்.

பெண்ணின் பக்கத்தில் அமர்ந்திருந்த தாய் சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"அது கம்பியூட்டருக்குள்ள இருக்கிற காணிங்க ஐயா," என்றாள். "உறுதியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அதுக்குத்தான் இந்தப் புள்ளைங்க இப்புடி அடிச்சிக்கிதுங்க."

அட்டனில் எனக்கு வேறு வேலை இருந்தது. மூக்குக்கண்ணாடிக்குச் சட்டம் மாற்ற வேண்டும். அது இன்னும் உடைந்த சட்டத்தோடுதான் என் மூக்கின்மேல் அமர்ந்திருக்கிறது. பேருந்து நின்றதும் நான் அவர்கள் பின்னாலேயே போய்விட்டேன்.

2

வீட்டுக்கு வந்து எழுத அமர்ந்தேன். முதல் தொடக்கம் இவ்வாறு அமைந்தது:

[மலைமுகடுகளை வெண்பனி போர்த்தியிருந்த அந்த அதிகாலையில் ஜெயந்தினி]

நிறுத்திவிட்டேன். மலைநாட்டைப் பற்றி எழுதுகிற எவரும் பனியில்லாமல் தொடங்குவதில்லை. பனி முடிந்தால் அட்டைக்கடி, அட்டைக்கடி முடிந்தால் கண்ணீர். இங்கே வெயில் அடிப்பதே இல்லையா? அன்றைக்கு நல்ல வெயில்.

இரண்டாம் தொடக்கம்:

[கொழுந்து பறிக்கும் தொழிலாளியின் மகளாயினும், கணினி விளையாட்டில் அவள்]

'ஆயினும்' என்ற சொல்லைக் கண்டதும் தாளைக் கிழித்தேன். அந்த ஒரு சொல்லுக்குள் எவ்வளவு மரியாதைக்குறைவு ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். எழுதிய கை என்னுடையது என்பதால் கோபம் இருமடங்காயிற்று.

மூன்றாம் தொடக்கத்தில் அலங்காரம் இல்லை. ஜெயந்தினி பொகவந்தலாவைக் கடைத்தெருவில், திலக்ஷனின் கடையில் வேலை செய்கிறாள். நகலெடுப்பதும், விண்ணப்பங்களைத் தட்டச்சிடுவதும், கைப்பேசிகளுக்கு ரீலோட் போடுவதும் அவள் பணி. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கடையில், அதே கணினியில், பேரரசுகளை எழுப்புவாள். பேருந்தில் அவளோடு வாதிட்டவன் அந்தத் திலக்ஷன்தான்.*

* அவர்களிடையே காதல் உண்டா என்று கேட்கும் வாசகருக்கு: இல்லை. அவன் முதலாளி, அவளுடைய பயிற்சி எதிராளி, ஞாயிறுதோறும் அவளிடம் தோற்பவன். ஒருவனுக்கு இவ்வளவு போதும்.

3

விளையாட்டை அறியாதவர்களுக்காக ஒரு பத்தி. அறிந்தவர்கள் தாவலாம்.

திரையில் ஓர் உலகம் விரியும். தொடக்கத்தில் அதன் பெரும்பகுதி பனியால் மூடப்பட்டிருக்கும். (ஆம், பனிதான். வாசல் வழியே விரட்டினேன். திரை வழியே நுழைந்துவிட்டது.) எதிரெதிரே இரு ஆட்டக்காரர். ஒவ்வொருவருக்கும் ஒரு குடியேறிக் கூட்டமும் ஒரு சிறு படையும் கிடைக்கும். முறை வைத்து நகர்த்த வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் மூலையில் ஒரு கடிகாரம் குறைந்துகொண்டே போகும். குடியேறிகளை நிறுத்திய இடத்தில் ஊர் எழும். ஊர் வளர்ந்து மேலும் குடியேறிகளை அனுப்பும். எழுத்து, சக்கரம், பீரங்கி, விண்கலம் எல்லாம் மிகவும் பிந்தி வருபவை. ஆயினும் (இங்கே அச்சொல் குற்றமற்றது) தேர்ந்தவர்கள் விண்கலம் வரை காத்திருப்பதில்லை. நல்ல நிலத்தில் யார் முந்தி ஊர்களை நட்டார் என்பது தெரிந்த உடனேயே தோற்றவர் கைகுலுக்கி எழுந்துவிடுவார். ஆகவே கலை முழுவதும் தொடக்கத்தில்தான் இருக்கிறது. முதலில் ஒற்றனை அனுப்புவதா, படையைப் பெருக்குவதா? காட்டை வெட்டிக் குடியேறிகளை விரைவில் பெறுவதா, காட்டை வைத்திருப்பதா? ஆற்றங்கரையா, மேடா?

கதை எழுதுகிறவனுக்கும் இதே இடர்தான். இரண்டு தொடக்கங்களைத் தொலைத்தவன் சொல்கிறேன்.

4

ஜெயந்தினிக்கு ஒரு குறை உண்டு. நாயகிக்குக் குறை வேண்டும் என்பதற்காக நான் வைத்ததன்று; அவளிடமே இருந்தது.

முதல் ஊரை மேட்டில் வைப்பாள், ஆற்றோடு சேர்த்து. இரண்டாவதும் மூன்றாவதும் பிசகாமல் எழும். பிறகு நின்றுவிடுவாள். உலகின் நடுவே ஆளற்ற நிலம் செழித்துக் கிடக்கும். அவளுடைய குடியேறிகள் கூடையை இறக்கிவைத்தவர்களைப் போல அதன் விளிம்பில் நிற்பார்கள். ஏன் நிற்கிறாய் என்று திலக்ஷன் தலையில் அடித்துக்கொள்ளும்போதெல்லாம், அது எதிராளி பக்கம் என்பாள். எல்லை எங்கே என்று கேட்டால் காட்டத் தெரியாது. ஆனால் அவள் விரல் ஒவ்வோர் ஆட்டத்திலும் அதே நடுவில்தான் தயங்கும்.

அந்த எல்லை எங்கிருந்து வந்தது என்பதை அறிய, நிரையை அறிய வேண்டும். காலையில் தொழிலாளர் வரிசையாய் நிற்கும் பெரட்டுக் கூடி ஆள் எடுத்த பிறகு, கொழுந்து மலையில் மேற்பார்வை பார்க்கும் கங்காணி ஒவ்வொருத்திக்கும் ஒரு நிரை காட்டுவார். நிரை என்பது தேயிலைச் செடிகளின் வரிசை. அவரவர் நிரையில் அவரவர் கை. பக்கத்து நிரையில் கொழுந்து விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தாலும் தொடக் கூடாது. தொட்டால், அந்த நிரைக்குரியவள் அன்று முழுவதும் பேசமாட்டாள். மாலையில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் குழாயடி முழுவதும் பேசும். விடுமுறை நாள்களில் தாய் சண்முகவடிவோடு மலையேறி வளர்ந்த ஜெயந்தினிக்கு, எந்தப் பாடத்தையும்விட ஆழமாகப் பதிந்த பாடம் இது. நிலம் என்றால், அதை யாரோ ஒருவர் முன்கூட்டியே பிரித்துக் கொடுத்திருப்பார்.

(அவள் நெஞ்சுக்குள் நான் எப்படி நுழைந்தேன் என்று கேட்பீர்கள். பாதியை அவளே பின்னர் சொன்னாள். மீதியை நான் சேர்த்தேன். எது எந்தப் பாதி என்று சொல்வதாக இல்லை.)

5

அன்று பேருந்து நோர்வூட்டைத் தாண்டும்போது தாயும் மகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். அட்டனில் அன்று இந்த விளையாட்டின் மலைநாட்டு இறுதி ஆட்டம்; கொழும்பில் நடக்கும் இறுதிச் சுற்றுக்கு மலைநாட்டிலிருந்து ஒருவருக்கே இடம். இன்று வென்றால் ஜெயந்தினி கொழும்பு போகலாம், தாய் மறுக்கமாட்டாள். தோற்றால் இன்றோடு எல்லாம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைப்பக்கம் போகக் கூடாது. அந்த இரண்டாவது பகுதியைத் தன் கண்ணால் பார்க்கத்தான் சண்முகவடிவு பேருந்தே ஏறியிருந்தாள்.

"தோத்துட்டு, அடுத்த வாரம் அடுத்த வாரம்னு இழுக்கக் கூடாது. சாமி சத்தியமா சொல்லு."

"சத்தியம்லாம் எதுக்கும்மா? தோத்தாத்தானே."

அட்டன் மண்டபத்தில் அறிவிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்து, "தோட்டத்துப் பிள்ளையாயினும் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்ட..." என்று தொடங்கினார். நான் எழுந்து நின்றேன். திலக்ஷன் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தான்.

எதிராளியின் பெயர் செந்தூரன். அட்டனுக்கு ஆசிரியர்களாக வந்து அங்கேயே தங்கிவிட்ட யாழ்ப்பாணத்துத் தம்பதியரின் மகன்.

[செந்தூரனின் இதழோரம் ஏளனப் புன்னகை ஒன்று]

இல்லை. அப்படி ஒன்றும் அரும்பவில்லை. அவனைக் கொடியவனாக்க உண்மையாகவே முயன்றேன்; கதைக்கு அது வசதியாக இருந்திருக்கும். அவனோ, சண்முகவடிவு நிற்பதைக் கண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டான். தேநீரும் வாங்கிக் கொடுத்தான். இத்தகையவனை வைத்துக்கொண்டு ஓர் எழுத்தாளன் என்ன செய்ய முடியும்?

மூன்று ஆட்டங்களில் இரண்டை வெல்ல வேண்டும். முதலாவதில் ஜெயந்தினி வழக்கம்போல மூன்று ஊர்களோடு நின்றாள். செந்தூரன் நிற்கவில்லை. நடு நிலத்தைக் கடந்து, அவள் மூக்குக்கு நேரே ஓர் ஊரை நட்டான், பிறகு இன்னொன்று. அவளுடைய ஊர்கள் மூச்சுவிட இடமில்லாமல் திணறின. அவள் கைகுலுக்கி எழுந்தாள்.

"ஏன் அந்த இடத்தைச் சும்மா விட்டனீங்கள்?" என்று அவன் உண்மையான வியப்போடு கேட்டான். "எங்கட ஊரில வேலி அடைக்கேக்கையே ஒரு விரற்கடை அங்கால தள்ளித்தான் அடைப்பினம். நீங்கள் வருவியள் எண்டு பயந்துதான் நான் ஓடி வந்தனான்."

6

இரண்டாம் ஆட்டத்தை எழுத எனக்கு விருப்பமில்லை. அதில் ஜெயந்தினி வென்றாள். ஆனால் தற்செயலாக வென்றாள். செந்தூரன் மறுபடியும் ஓடிவந்து ஊர் நட்டான். அவசரத்தில் காவலுக்குப் படை வைக்கவில்லை. பனிக்குள்ளிருந்து கொள்ளைக்கூட்டம் ஒன்று வந்து அவ்வூர்களைச் சூறையாடிவிட்டது. இக்கூட்டம் எவர் பக்கமும் சேராதது, விளையாட்டே அனுப்புவது. ஜெயந்தினி தன் நிரையில் நின்றபடியே வென்றுவிட்டாள்.

கதையில் தற்செயல் எதிராளிக்கு உதவலாம், நாயகிக்கு உதவலாகாது என்பது என் கொள்கை. நடந்ததை என்ன செய்வது? திலக்ஷன் துள்ளிக் குதித்தான். அவள் குதிக்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் அவன் காவல் வைப்பான் என்று அவளுக்குத் தெரியும்.

7

மூன்றாம் ஆட்டம்.

மேட்டில் முதல் ஊர். ஆற்று வளைவில் இரண்டாவது. காட்டை வெட்டி விரைவாக எழுப்பிய மூன்றாவது. நான்காவது குடியேறிக் கூட்டம் நடந்து நடந்து, உலகின் நடுவிலே வழக்கமான விளிம்புக்கு வந்து நின்றது. எதிரே ஓர் எட்டில் ஒரு மேடு, கீழே இரண்டு ஆறுகள் கூடும் இடம். அதைவிட நல்ல நிலத்தை அவள் எந்த ஆட்டத்திலும் கண்டதில்லை. அதற்கு அப்பால் பனி விலகியது. செந்தூரனின் குடியேறிகள் தெரிந்தார்கள். அவர்களுக்கும் அந்த மேடு ஓர் எட்டுத்தான். இம்முறை பின்னால் படையும் வந்தது. கடிகாரம் குறைந்துகொண்டிருந்தது.

ஜெயந்தினியின் விரல் சுட்டியின்மேல் தயங்கி நின்றது.

பின்னால் அமர்ந்திருந்த சண்முகவடிவு முதல் ஆட்டத்தில் சனங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவதில் திரையைப் பார்க்கத் தொடங்கினாள். இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. மகளின் காதருகே குனிந்தாள்.

"அது யாரு நிரை?"

"தெரியலம்மா."

"தெரியாம கை வைக்காதடி. அந்தத் தம்பி டீயெல்லாம் வாங்கிக் குடுத்துச்சு. நாளைக்கு மூஞ்சில முழிக்க வேணாமா?"

அதே சொற்கள்தாம் அத்தனை ஆட்டங்களிலும் ஜெயந்தினிக்குள் ஒலித்திருந்தன. இன்று அவை வெளியிலிருந்து வந்தன. வெளியிலிருந்து கேட்டபோது அவற்றுக்குப் பதில் சொல்ல முடிந்தது. திரையை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள். எல்லையைத் தேடினாள். காடு இருந்தது, ஆறு இருந்தது. வேறொன்றும் இல்லை.

"அம்மா," என்றாள், "இங்க கங்காணி இல்ல."

"இல்லாட்டி, யாரு நிரை பிரிச்சிக் குடுக்கிறது?"

"யாரும் இல்ல. போய் நிக்கிறவங்களுக்குத்தான்."

சண்முகவடிவு மகளைப் பார்த்தாள். மேட்டைப் பார்த்தாள். கடிகாரத்தையும் பார்த்தாள் என்றே நினைக்கிறேன்.

"அப்ப சீக்கிரம் போயேன்டி," என்றாள்.

8

இவ்விடத்தில் முடிவு வேண்டும். என்னிடம் இரண்டு இருக்கின்றன.

முதல் முடிவில் ஜெயந்தினி வெல்கிறாள். தாயும் மகளும் கொழும்புக்குப் புகைவண்டி ஏறுகின்றனர். வழியெல்லாம் சண்முகவடிவு சன்னலோரம் அமர்ந்து, ஆளற்ற மேடு எதைக் கண்டாலும் மகளின் தொடையைத் தட்டிக் காட்டுகிறாள்.

இரண்டாம் முடிவில் செந்தூரன் அந்த மேட்டைப் படையால் சூழ்ந்து ஆட்டத்தை வெல்கிறான். தாயும் மகளும் பேருந்தில் திரும்புகிறார்கள். நோர்வூட் வந்ததும், நீதான் சத்தியம் பண்ணலியே என்று தாய் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொல்கிறாள்.

இவற்றுள் ஒன்று நடந்தது. எது என்று பொகவந்தலாவைக் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் சொல்லப்போவதில்லை. எதை எழுதினாலும், அதற்கு முன் நடந்த ஒன்றை அது மறைத்துவிடுகிறது.

9

அது இதுதான்.

ஜெயந்தினி எட்டு வைத்தாள். மேட்டில் ஊர் எழுந்தது. ஊர் எழுந்ததும் ஒரு பெட்டி திறந்து பெயர் கேட்கும். பழம்பேரரசுகளின் பட்டியலிலிருந்து விளையாட்டே ஒரு பெயரை நீட்டும். தட்டச்சிட்டால் நேரம் போய்விடும் என்று எல்லாரும் அதையே ஏற்றுக்கொள்வார்கள். அவளும் இதுவரை எழுப்பிய எல்லா ஊர்களுக்கும் அப்படியே செய்தவள்தான். இம்முறை அதை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள்.

"அம்மா, இதுக்கு ஒரு பேரு சொல்லு."

"ஊருக்கா?"

"ஆமா. சீக்கிரம்."

சண்முகவடிவு பிறந்த தோட்டத்துக்கு, என்றோ வந்த வெள்ளைக்காரத் துரை தன் ஊர்ப் பெயரை வைத்துவிட்டுப் போயிருந்தான். அவள் குடியிருக்கும் லயத்து அறையான காம்பராவுக்கு இலக்கம். வேலைக்குப் போகும் மலைக்கும் இலக்கம்தான். ஓர் இடத்துக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அதுவரை எவரும் அவளிடம் கேட்டதில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். கடிகாரத்தில் மிகச் சில நொடிகளே இருந்தன. எதிரே செந்தூரன் தன் முறையை முடித்துவிட்டு, கழுத்தை நீட்டிக் காத்திருந்தான்.

பிறகு அவள் ஒரு பெயரைச் சொன்னாள். எனக்கும் கேட்டது.

[                    ]

பெட்டி இப்போது உங்கள் முன் திறந்திருக்கிறது, கடிகாரம் ஓடுகிறது. எழுதுங்கள். பிழையில்லாமல் எழுதுங்கள்.