ஒன்பதாம் படத்தின் தலைப்பு

அந்தப் புகைப்படச் சங்கத்தின் விதிகளைப் பார்த்தால், படம் எடுப்பதைவிடத் தலைப்பு வைப்பதுதான் பெரும்பாடு என்று தோன்றும். எடுத்தவரைக் காட்டிக்கொடுக்கும் சொல் தலைப்பில் கூடாது. வாசிப்பவர் அதை இரண்டு முறை வாசிக்க வேண்டும். சொந்தச் சரக்கு எதையும் சேர்க்கக் கூடாது. ஒருமுறை போட்டிக்கு வந்த படம் வேறு தலைப்பு மாட்டிக்கொண்டு மறுபடி வரவே கூடாது. மார்க் போடுவதற்கு முன் 'இது என் படம்' என்று யாராவது வாயைத் திறந்தால், படம் அந்த நிமிடமே நீக்கம்.

இத்தனையும் செயலாளர் அக்காவுக்குத் தலைகீழ்ப் பாடம். தலைப்பு வாசிப்பவள் அவள்தான். படங்களை முன்கூட்டிப் பார்க்க அவளுக்கும் அனுமதி இல்லை; கையில் தலைப்புப் பட்டியல் மட்டும்.

அன்று வருடத்தின் கடைசிச் சுற்று. கேடயம் சங்கத்தின் தாடிக்காரர் ஒருவருக்கா, அக்காவின் கணவருக்கா என்று இழுபறி. கணவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அவருக்கு இன்னும் பதினேழு மார்க் வேண்டும். மனுஷர் வீட்டு அலமாரியில் கேடயத்துக்கு இடமே ஒதுக்கிவிட்டார்!

ஒன்பதாம் படம் திரையில் விழுந்தது. அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஆஸ்பத்திரிச் சலவை அறை. துணி உலர்த்தும் மெஷினில் சாய்ந்து, ஒரு செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் தூங்குகிறாள் ஒரு பெண். அக்கா வேலை பார்க்கும் அறை அது. தூங்குபவள் அவளுடைய ஷிப்ட்டுக்காரி. நான்கு வருடத்துக்கு முன் அக்காவே எடுத்து, இதே போட்டிக்கு அனுப்பிய படம். இருபதுக்குப் பன்னிரண்டு மார்க்தான் வந்தது. "இதுக்குத்தான் இவ்வளவு அலட்டலா?" என்று கணவர் சிரித்த சிரிப்பில் அவள் படம் எடுப்பதையே விட்டாள். அவளுடைய கேமரா அன்றிலிருந்து அவர் கழுத்தில் தொங்குகிறது. இப்போது படத்தையும் எடுத்துக்கொண்டாயிற்று. சங்கத்தில் முக்கால்வாசிப் பேர் புதுசு, பெண்டாட்டியா கேட்கப்போகிறாள் என்ற தைரியம்!

பட்டியலைப் பார்த்தாள். 'உழைப்பின் உன்னத ஓய்வு' என்று இருந்தது.

"அக்கா, தலைப்பு?" என்றார் புரொஜெக்டர்காரர்.

மூன்றாம் வரிசையில் கணவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசித்துவிடேன் என்று கண்ணாலேயே கெஞ்சினார். வாசித்தால் கேடயம் வீட்டுக்கு வரும். காலம் பூராவும் அதைத் துடைத்துவைக்க வேண்டியதும் அவள்தான். வாசிக்காவிட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. நடுவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஒன்பதாம் படம்," என்றாள். "இன்னும் பத்து நிமிஷம்."

விதிப்படி மறுபடியும் வாசித்தாள். "இன்னும் பத்து நிமிஷம்."

கணவர் துள்ளி எழுந்தார். "என்ன வாசிக்கிற நீ? என் படத்துக்கு அது தலைப்பே இல்ல!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். மனுஷர் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டார்.

"படம் நீக்கம்," என்றார் சங்கத் தலைவர். அப்புறம் அக்கா பக்கம் திரும்பினார். "அதுக்காக, பட்டியல்ல இல்லாததை நீங்க வாசிக்கலாமாம்மா?"

அக்கா மேஜையில் இருந்த சங்கப் பதிவேட்டைப் புரட்டி, நான்கு வருடத்துக்கு முந்தைய பக்கத்தை அவர் முன்னால் வைத்தாள். தலைப்பும் பன்னிரண்டு மார்க்கும் அவள் பெயரும் ஒரே வரியில் இருந்தன.

"இதுதாங்க அந்தப் படத்தோட தலைப்பு. நான் வெச்சது. படமும் நான் எடுத்தது." இத்தனை வருடம் ஏறாமல் இறங்காமல் தலைப்பு வாசித்த குரல் அப்போது நடுங்கியது.

கணவர் மேடையருகே வந்து பல்லைக் கடித்தார். "வீட்டுக்கு வா, பேசிக்கிறேன்."

"வர்றேன்," என்று கையை நீட்டினாள் அக்கா. "கேமராவக் குடுத்துட்டுப் போங்க."

அவர் கழுத்திலிருந்து கழற்றும்வரை அவள் கை இறங்கவே இல்லை. வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பத்தாம் படத்தின் தலைப்பை இரண்டு முறை வாசித்தாள்.