சேருமிடம் என்பது யாதெனில்

சரக்குப் போக்குவரத்தின் வரலாறு இனி இரண்டு பாகமாக எழுதப்படும் என்பதைப் பெருமகிழ்ச்சியோடு அறிவித்துக்கொள்கிறோம். வழிநெடுகச் சேவை ஒப்பந்தத்துக்கு முந்தைய இருண்ட காலம் ஒன்று. அதற்குப் பிந்தைய பொற்காலம் மற்றொன்று. நூற்றுப் பன்னிரண்டு பக்கம், தோல் அட்டை. வண்டி கிளம்பியது முதல் சரக்குப் போய்ச் சேரும் வரை சாலையில் என்னவெல்லாம் நடக்கக்கூடுமோ அத்தனையையும் யோசித்து, அதெல்லாம் நடக்கக்கூடாது என்று அதில் எழுதிவைத்திருந்தார்கள்.

பொற்காலம் பிறந்த ஒன்பதாம் நாள், உச்சி வெயிலில், ஓர் ஓட்டுநரின் வண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் புகைவிட்டு நின்றது.

பின்னால் சீல் வைத்த பெட்டிக்குள் ஏழாயிரம் கோழிக்குஞ்சுகள். பொரித்து ஒரு நாள்கூட ஆகவில்லை. வாங்குகிறவள் வேறு யாருமில்லை, அவனுடைய சொந்த அக்கா. போன தடவை அவள் வளர்த்தது மொத்தமும் நோயில் போய்விட்டது. இந்தத் தடவையும் போனால் கொட்டகையைக் காலி பண்ணு என்று இடத்துக்காரர் சொல்லிவிட்டார். அவளோ நேற்றிலிருந்து உமி பரப்பி, தண்ணீர்க் கிண்ணங்களைக் கழுவிக் கழுவி வைத்து, பிரசவத்துக்குக் காத்திருக்கும் வீடு மாதிரி அந்தக் கொட்டகையை வைத்திருந்தாள். இன்னும் இருபது கிலோமீட்டர்தான் பாக்கி.

அறுந்தது ஒரு பெல்ட். எஞ்சினை ஆற்றுவதும் பெட்டிக்குள் காற்றாடியைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான். மாற்றப் பத்து நிமிஷம் போதும். மாற்று பெல்ட்டும் ஸ்பானரும் பத்திரமாக இருந்தன, சீல் வைத்த பெட்டிக்குள். வழியில் திருடு போகிறதாம். அதனால் கருவிகளையும் சரக்கோடு சேர்த்துப் பூட்டச் சொன்னது பதினான்காம் பிரிவு. பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டுகிற புத்தி ஒரு தனி ஆளுக்கு வராது. அதற்கு ஒரு குழு உட்கார்ந்து தேநீர் குடிக்க வேண்டும்.

கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டான். எடுத்தவர் வழிநெடுகச் சேவை மேலாளர். ஓட்டுநர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'உட்பிரிவு'.

"பதறாதீங்க. நிதானமா சொல்லுங்க. இது பழுதா, தாமதமா, இடையூறா? மூணுக்கும் வேற வேற படிவம்."

"சார், குஞ்சு சாகுது சார்."

"அது சரக்குச் சேதம். நாலாவது படிவம். ஆனா சரக்கு போய்ச் சேர்ந்தப்புறம்தான் அதை நிரப்ப முடியும்."

"சீலை உடைச்சிரட்டுமா?"

யாரோ தேவபாஷையில் கெட்ட வார்த்தை சொன்னதுபோல் மறுமுனை பதறியது. "வழியில சீல் உடைஞ்சா அது கெட்ட சரக்கு. ஒண்ணுவிடாம அழிக்கணும். பதினெட்டு, உட்பிரிவு இ."

"அப்ப மெக்கானிக்கையாவது அனுப்புங்க சார்!"

"அங்கீகரிக்கப்பட்ட மெக்கானிக் கிளம்பியாச்சு. நாலு மணி நேரத்துல வந்துருவார். தைரியமா இருங்க."

ஓட்டுநர் பெட்டியின் தகரத்தில் காதை வைத்தான். தகரம் சுட்டது. வண்டி நின்றபோது உள்ளே ஆலங்கட்டி மழை மாதிரி இருந்த சத்தம் இப்போது தூறலாகியிருந்தது.

அக்காவுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அரை மணி நேரத்தில் ஸ்கூட்டரில் பறந்துவந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே கத்தினாள்.

"உடைக்க வேண்டியதுதானேடா!"

"உடைச்சா நீ தொட முடியாதுக்கா. எல்லாத்தையும் அழிச்சிருவாங்க."

அவளும் தகரத்தில் காதை வைத்தாள். பிறகு ஸ்கூட்டர் இருக்கையைத் தூக்கி, உள்ளேயிருந்து அந்தத் தோல் அட்டைப் புத்தகத்தை எடுத்தாள். உலகத்தில் அதை முழுக்கப் படித்த ஒரே ஜீவன் அவள்தான். எழுதினவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"நான் யாருடா?"

"என் அக்கா."

"அட மண்டு, இந்த ஒப்பந்தத்துல நான் யாரு?"

"பெறுபவர்."

"'சேருமிடம் என்பது பெறுபவர் சரக்கைப் பெற்று ஒப்பமிடும் இடம்.' மூணாம் பக்கம். இப்ப நான் எங்க நிக்கிறேன்?"

"ரோட்டுல."

"அப்ப இதான் சேருமிடம். சரக்கு வந்து சேர்ந்தாச்சு. போனைக் குடு."

கம்பெனி போனில் விரலால் கையெழுத்துப் போட்டாள். போன் மணியடித்து நன்றி சொன்னது. சீலை அவளே அறுத்தாள். கதவு திறந்ததும் அனல் முகத்தில் அறைந்தது. உள்ளே எழுபது அட்டைப்பெட்டிகள்; மேல்வரிசையில் பாதி கண்மூடிக் கிடந்தன. மற்றவை வாயைப் பிளந்துகொண்டு இருந்தன, ஆனால் இருந்தன. பத்து நிமிஷத்தில் பெல்ட் ஏறியது. எஞ்சின் உறுமியது. காற்றாடி சுற்றியது. தூறல் மறுபடி மழையானது. தன் அக்காவுக்கு மூளை உண்டு என்று ஓட்டுநர் வாழ்நாளில் முதன்முறையாக ஒப்புக்கொண்டான்.

மூன்று கிலோமீட்டர் போயிருப்பான்; அக்கா ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். எஞ்சின் தானாக அணைந்தது. போன் அடித்தது.

"வாழ்த்துகள்!" என்றார் உட்பிரிவு. "குறிச்ச நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே சேர்த்துட்டீங்க. ஆனா வண்டி ஏன் இன்னும் முன்னால போகுது? காலி வண்டி டிப்போவுக்குத்தானே திரும்பணும்? அதான் இங்கேருந்தே நிறுத்திட்டோம்."

"காலி இல்ல சார்! குஞ்சு உள்ளதான் இருக்கு!"

"சேர்ந்த சரக்கு வண்டியில இருக்க முடியாது."

"இருக்கு சார்! நீங்களே கேளுங்க!" போனைப் பெட்டிக்குள் நீட்டினான்.

"கேக்குது," என்றார் அவர், நியாயஸ்தராக. "ஆனா பதிவுல இல்ல."

அக்கா போனைப் பிடுங்கினாள். "ஐயா, உங்க கால்ல விழுறேன். பதினேழு கிலோமீட்டர்தான். விட்டுருங்கய்யா."

"உங்க கஷ்டம் புரியுதும்மா. ஆனா ஒரு சேருமிடத்துலேருந்து இன்னொரு சேருமிடத்துக்குப் போறது புதுப் பயணம். புது ஒப்பந்தம் போடணும். மூணு வேலைநாள் ஆகும். உங்களுக்காக ரெண்டாக்கச் சொல்றேன்."

"நின்ன எடத்துலயே எஞ்சினையாவது ஓட விடுங்க. காத்தாடியாவது சுத்தட்டும்!"

"நிக்கிற வண்டியில எஞ்சின் ஓடினா எரிபொருள் விரயம்மா. ஏழாம் பிரிவு. நீங்களே படிச்சிருப்பீங்களே."

படித்திருந்தாள். அதுதான் கொடுமை.

சுற்றுவட்டாரத்தில் நிழல் என்று இருந்தது ஒரு வழிகாட்டிப் பலகையின் நிழல் மட்டும். அதில் பன்னிரண்டு பெட்டிகள் அடங்கின. மற்றதை வண்டிக்கு அடியில் தள்ளினார்கள். இரண்டு பெட்டிகளை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு, குழந்தையைத் தூக்கிப்போகிறவள் மாதிரி அக்கா மெல்ல ஓட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். ஓட்டுநர் போகிற வண்டியெல்லாம் மறித்தான். ஒரே ஒரு லாரி நின்றது.

"ஏத்தலாம்ணே," என்றான் அந்த லாரிக்காரன், பெட்டிகளைப் பார்க்காமல். "ஆனா எங்களுக்கும் அதே புக்குதான் குடுத்திருக்காங்க."

பலகையின் நிழல் நகர நகர ஓட்டுநர் பெட்டிகளை நகர்த்தினான். குடிக்க வைத்திருந்த தண்ணீரை விரலால் தெளித்தான். தண்ணீர் தீர்ந்தது. நிழலும் நீண்டு, மெலிந்து, சாலையின் நடுவே போய் விழுந்தது. அக்கா திரும்பிவந்தபோது அவன் எதையும் நகர்த்திக்கொண்டிருக்கவில்லை. இருவரும் பெட்டி பெட்டியாகத் திறந்து, கண் திறந்திருந்ததை மட்டும் பொறுக்கி ஒரே பெட்டியில் போட்டார்கள். அந்தப் பெட்டி நிறையவில்லை.

சொன்னால் சொன்னபடி நாலாவது மணி நேரத்தில் அங்கீகரிக்கப்பட்ட மெக்கானிக் வந்தார். புது பெல்ட், வெள்ளைக் கையுறை. எஞ்சினைத் தட்டிப் பார்த்தார். "பழுது ஒண்ணுமில்லையே," என்று எழுதி ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

கொட்டகைக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தவை இருநூற்றுப் பதினொன்று. அடுத்த வாரம் அலுவலகச் சுவரில் ஓட்டுநரின் படம் மாட்டப்பட்டது. புதிய ஒப்பந்தத்தின்கீழ் நேரத்துக்கு முன்பே சரக்குச் சேர்த்த முதல் ஓட்டுநர் என்று உட்பிரிவு தன் கையாலேயே மாலை போட்டு, வரலாறு, பொற்காலம் என்று இருபது நிமிஷம் பேசினார்.

கொட்டகையில் இடத்துக்காரர் இப்போது வெங்காயம் கொட்டிவைத்திருக்கிறார்.