லென்ஸ் அவருடையது, கன்வெர்ட்டர் என்னுடையது

கேமராவே இல்லாத எனக்குக் குலுக்கலில் டெலிகன்வெர்ட்டர் விழுந்தது. ஃபோட்டோ கிளப் ஆண்டு விழாவில் என் சீட்டைப் படித்ததும் அரங்கமே சிரித்தது. நான் துணி ஆல்டரேஷன் கடை வைத்திருப்பவள். கேமராப் பை, மழை உறை என்று தைத்துக் கொடுக்கிறேனே என்ற நன்றிக்காக என்னையும் கிளப்பில் சேர்த்திருந்தார்கள். போய் டீயைக் குடித்துவிட்டு வருவேன், அவ்வளவுதான்.

பக்கத்து நாற்காலியில் இருந்தவர் மட்டும் சிரிக்கவில்லை.

"இங்க பாருங்க, இதுக்குப் பொருந்துற ஜூம் லென்ஸ் என்கிட்ட இருக்கு," என்றார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். மனைவி இறந்து பல வருஷம், என் கணவரும் அப்படித்தான். கிளப்பில் வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லோரும் என்னை அக்கா என்பார்கள். தலை முழுக்க நரைத்தவர்கூட அக்கா என்பார், எனக்கு எரிச்சலாக வரும். இவர் மட்டும் "இங்க பாருங்க" என்பார். எந்த முறையிலும் சேராத அந்த "இங்க பாருங்க"வில்தான் இந்த வயதில் நான் தடுக்கி விழுந்தேன்.

கன்வெர்ட்டர் என்பது உள்ளங்கையில் அடங்குகிற, கண்ணாடி பதித்த ஒரு வளையம். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டினால் அவருடைய அறுநூறு மில்லிமீட்டர் எண்ணூற்று நாற்பது ஆகிவிடும். ஆனால் சும்மா கொடுக்காது. உள்ளே வருகிற வெளிச்சத்தில் பாதியைப் பிடுங்கிக்கொள்ளும். அந்த மங்கலில் அவருடைய பழைய கேமரா தானாக ஃபோகஸ் செய்யப் பார்த்து, முன்னும் பின்னும் அலைந்து, கடைசியில் கையை விரித்துவிடும். கையால்தான் திருப்ப வேண்டும். அவருக்கோ வெள்ளெழுத்து. கண்ணாடி போட்டாலும் பின்னால் இருக்கிற குட்டித் திரையில் எது கூர்மை, எது மசமசப்பு என்று தெரியாது.

அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். வெளிச்சம் படாமல் திரையைப் பார்க்க நான் ஒரு கறுப்புத் துணிக் கூடு தைத்தேன். நான் அதற்குள் தலையை விட்டு, திரையில் படத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பேன். அவர் வெளியே என் தோளை ஒட்டி உட்கார்ந்து லென்ஸ் வளையத்தைத் திருப்புவார். "இன்னும் கொஞ்சம்... தாண்டிடுச்சு, பின்னாடி வாங்க... போதும்," என்பேன். போதும் என்றதும் அவர் கையை எடுத்துவிடுவார். ஆட்டம் அடங்கியதும் நான் ரிமோட் பொத்தானை அழுத்துவேன். ஒரு படத்துக்கு இரண்டு ஆள். கிளப்பில் எங்களைக் கிண்டல் செய்யாதவர் இல்லை.

நாங்கள் காத்திருந்தது நீர்நாய்க்கு. ஏரி நடுவில் ஒரு பாறை இருக்கிறது, படகு விட அனுமதி இல்லை. தாய் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு அந்தப் பாறையில் ஏறியதை அவர் ஒருமுறை வெறும் கண்ணால் பார்த்திருக்கிறார். அந்தப் படம் வேண்டும் என்பது அவர் ஆசை. ஞாயிறுதோறும் விடிந்தும் விடியாமலும் கரையில் போய் உட்காருவோம். வெயில் ஏறினால் தண்ணீருக்கு மேல் காற்று நடுங்கத் தொடங்கும். அவ்வளவு பெரிதாக்கும்போது அந்த நடுக்கமும் பெரிதாகிப் படம் கூழாகிவிடும். அதற்குள் வந்தால் உண்டு. பெரும்பாலும் வராது. கொக்கையும் நாரையையும் எடுத்துக்கொண்டு திரும்புவோம். எனக்கு அதில் ஒரு குறையும் இருந்ததில்லை.

"என்ன, உன் நீர்நாய் வந்துச்சா?" என்று கடையில் பட்டன் தைக்கிற என் தங்கை கேட்பாள்.

"வரலை."

"நான் தண்ணில இருக்கறதக் கேக்கலை."

"வாய மூடிட்டு வேலையப் பாருடி," என்பேன்.

பிறகு ஒரு நாள் அவர் கடைக்கே வந்தார். பேத்தி பிறந்திருக்கிறாள், மகளின் பிரசவ விடுமுறை முடிகிறது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. புதன்கிழமை கிளம்புகிறார். விமானத்தில் போகிற தூரம்.

"எவ்வளவு நாளைக்கு?"

"அவ ஸ்கூல் போற வரைக்கும்னு சொல்றாங்க. அப்புறம் அங்கேயே இருந்துடுங்கப்பான்னும் சொல்றாங்க."

நல்லது என்றேன். கையிலிருந்த பேன்ட்டின் கால் மடிப்பைப் பிரித்தேன். அது பிரிக்க வேண்டிய கால் இல்லை.

கடைசி ஞாயிறன்று அந்த நீர்நாய் வந்தது. இத்தனை நாள் எங்கே போய்த் தொலைந்திருந்ததோ, அன்றைக்குப் பார்த்து, சொல்லிவைத்த மாதிரி வந்தது. தாய் குட்டியைக் கவ்வியபடி பாறையில் ஏறி நின்று, கீழே விடாமல் சுற்றிலும் பார்த்தது.

"இங்க பாருங்க, வந்துடுச்சு," என்றார். குரல் இறங்கியிருந்தது.

துணிக்குள் தலையை விட்டேன். திரையில் ஒரு பழுப்புக் கலங்கல். அவர் திருப்பத் திருப்ப அது ஒரு முதுகானது, பிறகு காதானது. பிறகு மீசை முடி ஒவ்வொன்றாகத் தெரிந்தது, அதில் தொங்கும் தண்ணீர்த் துளி தெரிந்தது. தாயின் பல்லுக்கு நடுவில் குட்டியின் பிடரி. அப்படி ஒரு கூர்மையை நான் அந்தத் திரையில் பார்த்ததே இல்லை.

போதும் என்று சொல்ல வேண்டும். சொன்னால் கையை எடுத்துவிடுவார். படம் விழுந்துவிடும். அவர் ஆசைப்பட்டது கிடைத்துவிடும், கேமரா முக்காலியை மடித்துப் பையில் போட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். அப்புறம் புதன்கிழமை.

"இன்னும் கொஞ்சம்," என்றேன்.

திருப்பினார். மீசை கரைந்தது.

"பின்னாடி வாங்க."

மீசை மறுபடி வந்தது. எனக்கு வாய் வரவில்லை. "இன்னும்," என்றேன். அவர் தோள் என் தோளோடு இருந்தது. குட்டி கால்களை உதைத்தது. "இன்னும் கொஞ்சம்," என்றேன், யாரிடம் சொல்கிறேன் என்று தெரியாமல். அவர் முன்னும் பின்னும் பொறுமையாகத் திருப்பிக்கொண்டே இருந்தார். தாய் ஒருமுறை எங்கள் பக்கம் பார்த்துவிட்டு, குட்டியோடு தண்ணீரில் இறங்கிவிட்டது. திரையில் வெறும் பாறை.

துணியிலிருந்து தலையை எடுக்க எனக்குத் தைரியமில்லை. எடுத்தபோது அவர் கை இன்னும் வளையத்தில் இருந்தது.

"ரெண்டு தடவ வளையம் சரியான இடத்துல நின்னுச்சு," என்றார். கோபமில்லை.

"உங்களுக்குத்தான் கண்ணு தெரியாதே."

"கைக்குத் தெரியும். லிஃப்ட் தளத்தோட சமமா நிக்குதான்னு பாத்துப் பாத்துப் பழகின கை."

"அப்ப ஏன் திருப்பிட்டே இருந்தீங்க?"

"நீங்க போதும்னு சொல்லலையே."

வெயில் ஏறி, பாறை தண்ணீருக்கு மேல் மிதப்பதுபோல் நடுங்கியது. இனி எடுக்க ஒன்றுமில்லை. இருவரும் எழுந்திருக்கவில்லை.

"பொண்ணுகிட்ட வரலைன்னு சொல்லிடவா?" என்றார். ஏரியைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார்.

சொல்லுங்க என்று நான் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். கடைக்கு வருகிறவர்களிடம் நாள் முழுக்க வாயடிக்கிறவள் நான். அந்த மகளை நினைத்தேன். பிள்ளையை யாரிடம் விடுவது என்று தவித்துக்கொண்டிருப்பாள். அப்பா வருகிறார் என்ற தைரியத்தில்தான் வேலைக்குப் போக நாள் குறித்திருப்பாள். நான் சொன்னால் இவர் இருந்துவிடுவார். இருந்துவிட்டு, ஒவ்வொரு ஞாயிறும் போனில் பேத்தியைப் பார்ப்பார்.

"வேணாம். போங்க. குழந்தைக்கு நீங்க வேணும்," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. "ஆனா ஒண்ணு. நான் இங்க வந்தது நீர்நாய்க்காக இல்ல. எனக்கு அந்தப் பிராணி மேல ஒரு ஆசையும் கிடையாது. உங்க பக்கத்துல உக்காரணும்னுதான் வந்தேன். ஒவ்வொரு ஞாயிறும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொள்ளவில்லை.

"இன்னொரு தடவ சொல்லுங்க," என்றார்.

காதில் விழாததால் அப்படிக் கேட்கவில்லை என்று தெரியும். சொன்னேன், முதலிலிருந்து, ஒரு வார்த்தையும் விடாமல். புதன்கிழமை அவர் போய்விட்டார்.