நான்கு நண்டுகளும் முப்பத்தாறு காவலர்களும்

செங்கல்பட்டில் நான் போகும் மாலை வகுப்பில் கணக்கு எழுதச் சொல்லித்தருகிறார்கள். எதையும் இருமுறை சரிபார்ப்பது அங்கே தொற்றிய பழக்கம். கார்டு விளையாட்டுக்கான என் நண்டு டெக்கையும், அதாவது கார்டுக் கட்டையும், அப்படித்தான் கட்டினேன்.

விளையாட்டு எளிது. ஆளுக்கு நாற்பது கார்டு, இருபது உயிர். கார்டில் உள்ள பிராணிகளை மேசையில் இறக்கி, தாக்க அனுப்பி, எதிராளியின் உயிரைக் குறைக்க வேண்டும். நான் நண்டுகளைத் தேர்ந்தெடுத்தேன். நான்கு நண்டுகள் ஒன்றாக நின்றால் பேரலை எழும். எதிராளி அப்போதே காலி. அதுதான் காம்போ. அந்த அலையை ஒருமுறையாவது எழுப்பிப் பார்க்க ஆசை. ஆனால் அதைவிட அவசரம் ஒன்று இருந்தது: ஞாயிறன்று மாமல்லபுரம் போட்டியில் ஜெயித்தால்தான் எனக்கு எங்கள் ஊர் அணியில் இடம்.

"இந்த வாட்டியும் சொதப்புன, அப்பால பை தூக்கத்தான் வரணும் மச்சான்" என்று அணித்தலைவன் பூபாலன் சொல்லியிருந்தான்.

முதலில் நாற்பதும் நண்டாகவே வைத்தேன். நண்டை யாராவது கொன்றுவிட்டால்? அதைக் காக்கும் பாறை சேர்த்தேன். பாறை சமயத்துக்குக் கைக்கு வராவிட்டால்? அதைத் தேடித்தரும் வலை. வலை அறுந்தால்? தைக்க ஊசி. நாற்பதைத் தாண்டக் கூடாது என்பதால், ஒவ்வொரு காவலுக்கும் ஒரு நண்டை வெளியே எடுத்தேன். கடைசியில் நான்கே நண்டுகள் மிஞ்சின. காம்போவுக்கு நான்குதானே வேண்டும் என்று தேற்றிக்கொண்டேன்.

போட்டி ஐஸ்கிரீம் கடை மாடியில். எதிரே கோவளம் ஜெனிஃபர். அவள் டெக் முழுக்கச் சுறா. வந்ததும் ஒன்றை இறக்கிவிட்டாள். என் கையில் பாறை, வலை, ஊசி. காப்பாற்றத்தான் ஒன்றும் இல்லை. போட முடிந்தது 'உப்புக்காற்று' என்ற கார்டு மட்டும். எனக்கு ஓர் உயிர் கூடியது.

"இன்னா கிருபா, கை நெறய வெச்சினு ஒண்ணும் எறக்க மாட்ற?"

"யோசிச்சினு கீறேன்."

"யோசிக்கிற மூஞ்சியா இது? பொறி வெச்சினு கீற. என் சுறாவ அனுப்புனா லபக்குனு புடிச்சிப்ப."

பொறியில் விழுந்த பிராணி பொறி வைத்தவருக்குச் சொந்தம் என்பது விதி. என் டெக்கில் பொறியே கிடையாது. பயத்தில் என் விரல்கள் நடுங்கின. அவள் அதை ஆசை என்று எடுத்துக்கொண்டாள்.

"பாரு, கை பரபரங்குது! ஏமாற வேற ஆள பாரு."

அடுத்தடுத்து சுறாக்களை இறக்கினாள், ஒன்றையும் அனுப்பவில்லை. நான் எடுத்ததெல்லாம் ஊசி. மணி அடித்தது. நேரம் முடிந்தால் உயிர் அதிகம் உள்ளவர் ஜெயித்தவர். இருபத்தொன்றுக்கு இருபது.

"கைல இன்னாதான் வெச்சிருந்த?" என்றாள். காட்டினேன். "த்தூ" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் பூபாலன் என் டெக்கைக் கையில் வைத்துக்கொண்டு கண் கலங்கினான்.

"இன்னா மூள மச்சான்! இனிமே நம்ம டீம் மொத்தமும் இதான் ஆடுது. ஒரே ஒரு கொறதான் கீது."

"இன்னா?"

"இந்த நாலு நண்டு எதுக்கு வேஸ்டா? தூக்கிடு."

"அப்ப அது நண்டு டெக்கே இல்லியே?"

"பேர மாத்தாத. ராசியான பேரு."

அணியில் இடம் வேண்டுமே. நான்கு நண்டுகளையும் எடுத்துச் சட்டைப் பையில் வைத்தேன். இப்போது நான்கு இடம் காலி. ஊசி தொலைந்தால் என்ன செய்வது என்று இதுவரை யோசிக்கவே இல்லை.